கோபுரத்தைக் கட்டியவர் எத்தனை பேர்?

செய்பொருள் என்றால் செய்தவன் இருக்க வேண்டும். அவன் ஒருவனா, பலரா என்ற கேள்வி இந்திய மெய்யியலில் கட்டடத்தோடு நிற்காமல் கடவுள் வரை போனது. குடத்துக்குக் குயவன்போல உலகுக்கும் ஒரு கருத்தா உண்டு என்றனர் நியாய தரிசனத்தாரான நையாயிகர். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தமும் அந்தக் குயவனைக் கொண்டே விளக்குகிறது. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான சாந்தரட்சிதர் குடத்தை விட்டுக் கட்டடத்தைப் பிடித்தார்: மாளிகையும் படிக்கட்டும் கோபுரமும் பலருடைய அறிவால் ஆனவை, அவற்றைக் காட்டி ஒரே இறைவனை எப்படி நிறுவுவது? 1779இல் வெளிவந்த நூலில் டேவிட் ஹியூமும் வீட்டையும் கப்பலையும் காட்டி இதையே கேட்டார். பலர் செய்தாலும் தலைவன் ஒருவன் கருத்துப்படியே செய்கிறார்கள் என்பது நையாயிகர் தரப்பின் பதில்.

பட்டறை வழக்கம் இந்தப் பதிலைப் பாதிதான் ஒப்புகிறது. சிற்ப நூலான மயமதம் ஸ்தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வரைச் சொல்கிறது. ஸ்தபதி வகுப்பவர். தட்சகன் அறுத்துச் செதுக்குவான், வர்த்தகி பொருத்துவான். இடையில் கோலும் நூலுமாக நிற்பவன் சூத்திரகிராகி. அவன் ஸ்தபதியின் மகனாகவோ மாணவனாகவோ இருப்பான். 8 யவம் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொது என்பதால், ஒருவர் மனத்தில் உள்ளதை இன்னொருவர் உளி அறிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் உண்டு. அதை வைத்துக் கோயில் அவன் ஒருவனுடையது என்றால், நூல் பிடித்தவன் யார்?

ஜெகதாப்பட்டினம் கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் போனால் வரும் ஆவுடையார்கோயில் இந்தப் பொது அளவுக்கு நல்ல சான்று. அங்குள்ள வளைந்த கூரை விளிம்பான கொடுங்கையில் மரச்சட்டமும் ஆணியும் கல்லாகவே செதுக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த கற்களில் இருவர் கை நூலிழை பிசகினாலும் சட்டத்தின் ஓட்டம் அறுந்துவிடும். ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று சிற்பிகள் சேர்த்துக்கொள்வார்களாம். மண்டபங்களோ வெவ்வேறு காலத்தவை. முன்னவர் மறைந்த பிறகும் பின்னவர் தொடர முடிந்தது, தலைவன் ஒருவனாக இருந்ததால் அல்ல, அளவு ஒன்றாக இருந்ததால்.

ஆகவே, ஒரு கருத்தாவை நிறுவக் கோயிலைச் சான்றுக்கு அழைப்பது வலுவற்ற வாதம். பல கருத்தாக்களை நிறுவவும் அது உதவாது. ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் இல்லை. அதைத் தாங்கும் பீடமான ஆவுடை மட்டுமே இருக்கிறது.