தோல்வியும் வினைக்கட்டும்



உடல் நலங்கருதி வைகறையில் ஓடும் பழக்கம் இந்நாளில் நம் இல்லங்களிலும் புகுந்துள்ளது. பரிசை நாடாது, தாம் முன்பு ஓடிய நேரத்தினும் குறைந்த நேரத்தில் ஓடவேண்டும் என்னும் விருப்பத்தால் நம்மவர் சிலர் நெடுந்தொலைவுப் பந்தயங்களில் கலந்துகொள்கின்றனர். அறஞ்செய்தற்குக் கருவியாகிய உடலைப் பேணுதல் நன்றே. ஆயின், பந்தய நாளில் எண்ணியது கைகூடாதபோது உள்ளம் என்னவாகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

அலுவலகப் பணியிலுள்ள நாற்பது வயதுச் சிராவகர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இரவுண்ணாமை நோன்பைத் தவறாது காப்பவர். ஆறு திங்கள் பயிற்சி செய்து, 42.195 கிலோமீட்டர் தொலைவுடைய மாரத்தான் ஓட்டத்தை 4 மணி நேரத்தில் முடிக்க எண்ணினார். தை மாதத்தில் சென்னையில், விடியற்காலை 4 மணிக்கு ஓட்டம் தொடங்கிற்று. முற்பாதியை விரைந்து கடந்தார். 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கனத்தன. நடந்தும் ஓடியும் 4 மணி 50 நிமிடத்தில் எல்லையை அடைந்தார். அணிவித்த பதக்கத்தைப் பையினுள் திணித்துக்கொண்டு வீடு திரும்பியவர், மூன்று நாள் எவரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

இவர் இழந்தது யாது? ஐம்பது நிமிடம். அது வினையன்று. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் அசைவால் வினைத்துகள் உயிரை நோக்கி வருகிறது. கஷாயங்களே அதனை ஒட்டச் செய்கின்றன என்பது நம் சித்தாந்தம். எண்ணெய் பூசிய மேனியில் புழுதி படியும். உலர்ந்த மேனியில் படிந்தாலும் உதிர்ந்துவிடும். ஓட்டத்தில் பிந்தியதால் அவருக்கு வினை கட்டவில்லை. பிந்திய பின் மூன்று நாள் உள்ளத்தில் பூசிக்கொண்ட எண்ணெயே வினையைக் கட்டியது.

அவ்வெண்ணெய் நால்வகை. வெயிலையும், பாதையையும், உடன் ஓடியோரையும் நொந்துகொண்டது சினம். 'நானோ இப்படித் தோற்றேன்!' என்று புழுங்கியது மானம்; வலிமையும் உடலும் பற்றிய செருக்குகள் எண்வகை மதங்களுள் அடங்குவன என்பதை நாம் அறிவோம். கேட்டவரிடம் நேரத்தை மறைத்து, இல்லாத காய்ச்சலைக் காரணங்கூறியது மாயை. உடல் தேறுமுன்னரே அன்றிரவே அடுத்த பந்தயத்திற்குப் பெயர் கொடுத்தது உலோபம். ஒரே தோல்வி நான்கு கஷாயங்களுக்கும் வாயில் திறந்துவிட்டது. விரும்பியது நீங்கியதை எண்ணி எண்ணி வருந்துதல் ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகையாகும். அது தியானமேயாயினும் நம்மை மேலே உயர்த்துவதன்று.

'வீரியாந்தராய வினை என் ஆற்றலைத் தடுத்தது. நான் என் செய்வேன்?' என்பார் உளர். அவ்வினை உண்டு என்பது மெய்யே. ஆயினும் அதன்மேற் பழியைப் போட்டு அமைந்திருத்தல் நற்காட்சி உடையார்க்கு அழகன்று. தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து அளவுடையது. தொடக்கத்தில் மிக விரைந்தால் அது முன்னதாகவே குறைந்துபோகும். கடற்கரை நகரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடற்சூடும் தணியாது. இவற்றை ஆராய்ந்து, 'என் விரைவு மிகை' என்று உண்மையை ஒப்புக்கொள்வதே ஆலோசனை. இதில் அழுகையும் இல்லை, சாக்கும் இல்லை.

இனி, இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. 'நோன்பினாலன்றோ தோற்றேன்? இரவிலும் விடியுமுன்னும் உண்டிருந்தால் வென்றிருப்பேனே' என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. இங்கேதான் விழிப்பு வேண்டும். தை மாதத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.30 மணிக்கு. நோன்பை உறுதியாகக் காப்பவர் இரண்டரை மணி நேரம் ஒன்றும் கொள்ளாமல் ஓடவேண்டியிருக்கும். நீரின்றி உடலை வருத்தி மயங்கி விழுதல் தன்னுயிர்க்குச் செய்யும் இம்சை, அது தவமன்று. அதற்காக நோன்பை நெகிழ்த்த வேண்டுமோ? வேண்டா. பந்தயத்தையே மாற்றிக்கொள்ளலாம். பொழுது சாயுமுன் நன்கு உண்டு, மறுநாள் காலையில் 10 கிலோமீட்டர் ஓடுவார்க்குச் சேமித்த சத்தே போதும். கதிர் எழுந்த பின் தொடங்கும் ஓட்டங்களும் உண்டு. விரதத்திற்கேற்ப ஓட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். ஓட்டத்திற்காக விரதத்தை வளைக்கலாகாது.

தோற்றவர் செய்யத்தக்கது யாது என்பதை ஸ்ரீபுராணம் காட்டுகிறது. பாகுபலியின் வெற்றியைப் போற்றும் நாம் பரதரின் தோல்வியை மிகுதியாக எண்ணுவதில்லை. கண்ணிமையாது நோக்கும் போர், நீர்ப்போர், மற்போர் ஆகிய மூன்றிலும் தம்பியிடம் தோற்றார் சக்கரவர்த்தி. மானம் சினமாக மாற, சக்கரத்தையே ஏவினார். அது பாகுபலியைத் தீண்டவில்லை. களத்தில் நேர்ந்தது தோல்வி. சக்கரத்தை ஏவியதே வீழ்ச்சி.

பரதரின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. வென்ற பாகுபலி துறவு பூண்டு, கொடிகள் மேனியிற் படர ஓராண்டு நின்றார். கழுகுமலைப் பாறையில் அக்கோலத்தை இன்றும் காணலாம். தமையனுக்குத் துன்பம் விளைத்தோமே என்னும் சிறு முள் அவர் உள்ளத்தில் எஞ்சியிருந்தது. தோற்ற பரதர் அவரிடம் சென்று வணங்கிப் பூசித்தார், முள் அகன்றது, பாகுபலிக்குக் கேவலஞானம் உதித்தது. பின்னொருநாள் கண்ணாடியில் நரைமயிர் கண்டு துறந்த பரதருக்கும் கேவலஞானம் விரைவிலேயே எய்திற்று. வென்றவரை மனமார வணங்கத் தெரிந்தவர்க்குத் தோல்வி தடையாவதில்லை.

ஆகவே, பந்தயம் முடிந்து வீடு திரும்புவோர் அன்று மாலையே இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்க. பஞ்சநமஸ்காரம் கூறி, பெற்றதிலும் பெறாததிலும் ஒத்த நோக்கை நாடுக. முந்தி ஓடியவரை நினைந்து உவகை கொள்க. பிரமோதம் என்னும் அப்பாவனை மானத்திற்கு நல்மருந்து. தம் நேரத்தைக் கேட்டவர்க்கு உள்ளவாறே உரைக்க. பெற்றோர்க்கும் ஒரு சொல்: ஓடி வந்த மக்களிடம் எத்தனையாவதாக வந்தாய் என்று வினவுமுன் நீர் கொடுத்து அமரச் செய்க.

இழந்த ஐம்பது நிமிடம் மீளாது. நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகமோ நாள்தோறும் நம் கையில் உள்ளது.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!