வார்டை விட்டுச் சபைக்கு

லிட்டில் அந்தமான் தீவின் டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1901-ல் 672 பேர் என்று கணக்கிடப்பட்டவர்கள், 2011 கணக்கெடுப்பில் 101 பேராகக் குறைந்திருந்தார்கள். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஒரு பிரசவம் தவறினாலும் ஒரு காய்ச்சல் பரவினாலும் அந்த இனத்தின் கணக்கே மாறிவிடும். அங்கே ஏ.என்.எம். நர்ஸாக வேலை பார்த்தவர் சாந்தி தெரேசா லக்ரா.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கர்ப்பிணியின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று அறிய வேண்டும். குடும்பம் காட்டுக்குள் வேட்டைக்குப் போய்விட்டால் அடுத்த தவணை ஊசிக்காகத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், ஊசி குத்த வரும் அந்நியப் பெண்ணை ஒரு தாய் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வருடங்கள் ஆகும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது ஓங்கேக்கள் மேட்டுக்காட்டுக்கு ஏறித் தப்பினார்கள். ஓர் உயிரும் போகவில்லை, குடியிருப்புதான் போயிற்று. லக்ரா அவர்களை விட்டுக் கிளம்பாமல் காட்டுக்குள் அவர்களோடு தங்கி மருந்து கொடுத்தார். பிறகு போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு மாற்றலாகி, அங்கும் பழங்குடி நோயாளிகளையே கவனித்தார். 2011-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒருவர் நாளைக்கு வேட்புமனுத் தாக்கல் செய்தால் அதை என்னவென்று சொல்வது? கேள்வி லக்ரா என்ற தனிமனிதரைப் பற்றியதல்ல. நோயாளியின் பக்கத்தில் நின்ற எவரும் ஆட்சிப் பொறுப்புக்குப் போவது அறமா, அல்லது கைவிடுதலா என்பதுதான் கேள்வி.

உலகத்தில் இது புதிதில்லை. நெதர்லாந்தில் நர்ஸாகத் தொடங்கிய கொனி ஹெல்டர் 2022-ல் அமைச்சரானார். முதியோர் பராமரிப்பு அவர் துறைக்குள் வந்தது. கோட்டயத்துக்காரரான சோஜன் ஜோசப், இங்கிலாந்தில் மனநலப் பிரிவு நர்ஸாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, 2024 ஜூலையில் ஆஷ்ஃபோர்டு தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். மும்பை மேயராக இருந்த கிஷோரி பெட்னேகரும் முன்னாள் நர்ஸ்தான். 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் யூனிஃபார்ம் அணிந்து நாயர் மருத்துவமனைக்குப் போனார்.

பெட்னேகரின் அந்தச் செயலில் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பயந்துபோயிருந்த நர்ஸுகளுக்கு அது தைரியம் கொடுத்திருக்கும். அதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் யூனிஃபார்ம் ஒரு வாக்குறுதி. அதை அணிந்தவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியின் நோயாளியானாலும் ஒரே மாதிரி பார்ப்பார் என்பதை நம்பித்தான் உடம்பை ஒப்புக்கொடுக்கிறோம். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அதை மறுபடி அணியும்போது, அந்த நம்பிக்கையின் ஒரு பங்கு கட்சிக்கும் போய்ச் சேருகிறது, அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும். நர்ஸ் அரசியலுக்குப் போவதில் தவறில்லை. யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்பதே சரியான விதி.

‘படுக்கை ஓரத்தை விட்டுப் போவதே துரோகம்’ என்கிற வாதம் கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அது நிற்காது. 2008 டிசம்பரில் டுகாங் கிரீக் கரையில் ஒரு கொள்கலன் ஒதுங்கியது. அதிலிருந்ததைச் சாராயம் என்று நினைத்துக் குடித்த எட்டு ஓங்கேக்கள் இறந்துபோனார்கள். நூறு பேரில் எட்டுப் பேர். விஷம் உள்ளே போன பிறகு எந்த நர்ஸும் எவ்வளவுதான் செய்ய முடியும்? குடி அந்த மக்களிடம் எப்படி வந்தது, பழங்குடிக் காப்பகத்துக்குள் யார் கொண்டுவந்தார்கள், கரையில் ஒதுங்குவதைக் கண்காணிப்பது யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு மருந்துப் பையில் பதில் இல்லை. அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்களின் கதையும் இப்படித்தான். அவர்கள் வெளியாரோடு பழகத் தொடங்கிய ஓரிரு வருடங்களில், 1999-ல், தட்டம்மை அவர்களிடையே பரவியது. டாக்டர் ரத்தன் சந்திர கர் போன்றவர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். ஆனால் ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்துப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டை அந்தப் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நோய் வரும் வழியைத் திறந்து வைத்துவிட்டு, நோயாளியைப் பார்த்துக்கொள் என்று நர்ஸிடம் சொல்வதில் நியாயம் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை மாகாணச் சட்டசபைக்கு அழைப்பு வந்தபோது, மருத்துவத் தொழிலை விட மனமில்லாமல் அவரும் தயங்கினார். பிறகு போனார். சபையின் துணைத் தலைவரானார், தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டத்தின் வழியே போராடினார். 1930-ல் காந்தி கைதானதும் அந்தப் பதவியைத் தூக்கி எறிந்தார். அதன் பிறகும் நோயாளிகளை மறக்கவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் எழுந்தது. சபைக்குப் போவதால் வைத்தியம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. போன காரணம் தீர்ந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவர முடிந்ததா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு தயக்கம் இதைவிடக் கனமானது. நோயாளியின் வீட்டுக்குள் நர்ஸ் பார்த்ததெல்லாம் நோயாளிக்குச் சொந்தம். யார் குடிக்கிறார், எந்தக் குழந்தை எப்படிச் செத்தது, எந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்பதெல்லாம் மேடையில் சொல்வதற்காகக் கிடைத்த தகவல்கள் அல்ல. நூறு பேர் உள்ள சமூகத்தில் பெயரைச் சொல்லாமல் சொன்னாலும் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே ஓங்கேக்களிடையே வேலை பார்த்துவிட்டு வரும் நர்ஸ் ஒருவர் சபையில் பேசினால், தண்ணீரைப் பற்றி, படகைப் பற்றி, ரத்தச்சோகையைப் பற்றிப் பேசலாம். மருத்துவ முகாமில் அழுத தாயின் கதையைக் கைதட்டலுக்காக எடுத்து வைக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்க முடியாதவர் அரசியலுக்குப் போகாமலிருப்பது நல்லது.

அந்தமானில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கோணமும் உண்டு. போவதென்று முடிவெடுத்தாலும் போக இடம் எது? இது சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். துணைநிலை ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகம் செய்கிறார்கள். மக்களவையில் ஒரே ஓர் இடம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதும் அல்ல. 1952-ல் தீவுகளின் முதல் எம்.பி. நிக்கோபார் பழங்குடியைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன். பாதிரியார், ஆசிரியர், தன் மொழியில் புதிய ஏற்பாட்டைத் தந்தவர். அவர் வந்ததும் நியமனத்தால்தான். தேர்தல் வந்தபோது எண்ணிக்கையே எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதில் நூறு பேருக்கு எடை கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலில் கிரேட் நிக்கோபாரின் பழங்குடியான ஷோம்பென் மக்களில் 7 பேர் முதல்முறையாக வாக்களித்தது செய்தியானது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அவர்கள் காட்டிலேயே கிரேட் நிக்கோபார் துறைமுகம் திட்டமிடப்படும்போது, அந்த 7 வாக்குகளால் எதைத் தடுக்க முடியும்?

ஆகவே நர்ஸின் மனச்சாட்சியை மட்டும் நிறுத்தி விசாரிப்பது அநியாயம். அவர் அறிந்ததைக் கேட்கும் இடத்தை அரசு வைத்திருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். பழங்குடியினர் நலனுக்காக 1976 முதல் இயங்கும் அந்தமான் ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதி இருக்கிறது. வெளியார் காப்பகத்துக்குள் நுழைவதைத் தடுக்க 1956-ன் பாதுகாப்பு ஒழுங்குவிதி இருக்கிறது. இவற்றின் முடிவுகள் எடுக்கப்படும் மேசையில், காட்டுக்குள் நடந்து போகும் ஏ.என்.எம்.முக்கு ஓர் இருக்கை வேண்டும். அதற்கும் முன்னால் ஓங்கே ஒருவருக்கு ஓர் இருக்கை வேண்டும். நர்ஸ் அவர்களுக்காகப் பேசுவது, அவர்கள் தாமே பேசும் நாள் வரையில்தான் சரி. அந்த நாளைத் தள்ளிப்போடுகிற எந்தச் சேவையும், எத்தனை விருது பெற்றதானாலும், முழுமையான சேவை ஆகாது.

அந்த இரண்டு இருக்கைகளையும் போடுவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. ஒரு நிர்வாக உத்தரவு போதும். தீவுகளின் எம்.பி.யும் நிர்வாகமும் அதை உடனே செய்ய வேண்டும்.