கலைஞன் பட்ட கடன்

கலைத்தொழில் செய்வான் ஒருவன் மூன்றிடங்களினின்றும் முதல் பெறுகின்றான். முன்னோர் வைத்துப்போன மரபு ஒன்று; கண்முன் விரிந்து கிடக்கும் இயற்கை ஒன்று; தன் நெஞ்சில் எழும் விருப்பம் ஒன்று. இவற்றுள் விருப்பம் ஒன்றே அவனுக்குரியது. ஏனையிரண்டும் அவன் பிறக்குமுன்னரே இருந்தவை. அங்ஙனமாகப் பிறர் வைத்த முதலைக்கொண்டு ஆக்கிய பொருளுக்கு வரும் புகழைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளுதல் அறமாகுமா? இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொதுவகையாற் பேசின் பொருள் தெளியாதாகலின், ஓவியர் ஒருவர் வரலாற்றைத் துணையாகக் கொள்வாம்.

வங்காளத்துப் பாங்குரா மாவட்டத்திலே, பெலியாத்தோர் என்னும் சிற்றூரில், 1887ஆம் ஆண்டு பிறந்தவர் ஜாமினி ராய். இளமையிற் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியிற் சேர்ந்து, ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ண ஓவியம் பயின்றார். பிறருடைய உருவங்களை அம்முறையில் எழுதிப் பொருளும் ஈட்டினார். எனினும், 1920ஆம் ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு, பட்டுவா என்னும் படமெழுதும் மரபினருடைய ஓவியங்களைத் தமக்குக் குருவாகக் கொண்டார். மண்ணும் கல்லும் தந்த ஒருசில நிறங்களைப் புளியங்கொட்டைப் பசையிற் குழைத்துத் துணியிலும் பலகையிலும் பாயிலும் தீட்டினார். சந்தால் குலப் பெண்டிர், தாயும் சேயும், பூனை, இராமாயணக் கதை என்பன அவர்க்குப் பொருளாயின. கிறித்தவரல்லாத அவர் இயேசுவின் உருவத்தையும் பலகால் எழுதினார்.

கற்ற வித்தையை விட்டுப் பழமைக்கு மீளுதல் பின்னடைதலன்றோ எனின், அன்று. காளிகாட்டுப் படங்களில் நகரச் சாயல் ஏறியிருந்தமை கண்டு, அவற்றினும் ஊர்ப்புறப் படங்களையே அவர் மிகுதியும் நாடினார். கண்டதையெல்லாம் படியெடுப்பவன் இவ்வாறு தேர்ந்து கொள்ளான். இது வேண்டும், இது வேண்டா என்று தெரிந்தெடுக்குமிடத்தே கலைஞனுடைய விருப்பம் தொழிற்படுகின்றது. அயலார் முறையிற் பயின்றதும் வீண்போகவில்லை. தனக்குரியது யாதென்பது பிறிதொன்றனோடு ஒப்பிட்ட பின்னரே பலர்க்குப் புலப்படும். ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்று பின்னர்த் தமிழ் நூல்களை நாடிய நம்மனோர் இதனை நன்கறிவர்.

இனி, இதனினும் வலிய தடையொன்று உண்டு. பட்டுவர் வறியர், அவருட் பெரும்பாலார் பெயரும் நமக்குத் தெரியாது. அச்சிட்ட மலிவுப் படங்கள் பெருகியபொழுது காளிகாட்டிற் படமெழுதுவோர் பிழைப்பு அழிந்தது. ஜாமினி ராயின் ஓவியங்களோ 1946இல் இலண்டனிலும் 1953இல் நியூயோர்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரே கோடு, எழுதிய கை ஒன்றற்குப் புகழ், மற்றொன்றற்குப் பசி. இது நீதியாமோ?

மரபு என்பது எடுக்க எடுக்கக் குறையும் பொன் அன்று. எடுப்பாரின்றேல் அழிவது என்று விடை கூறுவர் சிலர். ஒரு விளக்கினின்றும் மற்றொரு விளக்கை ஏற்றினால் முன்னதன் ஒளி குன்றாது என்பர். இது மெய்யே, ஆயினும் பாதி மெய். விளக்கின் ஒளி குன்றாதெனினும், எண்ணெய் வார்த்தவன் வயிறு வாடலாமன்றோ? ஆகலின், எடுத்தல் களவன்று. எடுத்தவிடத்தை மறைத்தலும் எண்ணெய் வார்த்தவனை மறத்தலுமே குற்றம்.

ஜாமினி ராய் மறைத்தாரல்லர். நடுத்தர மக்களும் வாங்கத்தக்க எளிய விலைக்குத் தம் படங்களை விற்றார். புதல்வர் முதலியோர் துணைபுரிய, ஒரு படத்தையே பலமுறை எழுதினார். அஃதாவது, பட்டுவரிடத்து வடிவத்தை மாத்திரமன்றி, அவருடைய தொழில் ஒழுக்கத்தையும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் இஃது வட்டியேயாம்; முதல் இன்னும் நிற்கின்றது. அவர் 1972இல் மறைந்தார். 1976இல் இந்திய அரசு அவர் ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியேற்றலாகாக் கலைச்செல்வங்களென அறிவித்தது. எளியோர் சுவருக்கென எழுதியவை இன்று செல்வர் தேடும் பொருளாயின. எஞ்சிய கடனைத் தீர்த்தல் கலைஞன் ஒருவனால் ஆவதன்று. அக்கலையைக் கண்டு மகிழும் சமுதாயத்துக்கே அது உரியது.

அக்கடனில் நம் பங்கு வகுப்பறையில் உள்ளது. தான் ஒருநாளுங் காணாத அயல்நாட்டுக் கனியை அச்சுப்படம் பார்த்து எழுதும் மாணவனுக்கு மரபுமில்லை, இயற்கையுமில்லை, விருப்பமுமில்லை. சித்திரப் பாடத்துக்கு ஒரு கடகத்தையோ நீற்றுப்பெட்டியையோ கொணர்ந்து வைப்போமாக. பனையோலை அதில் எவ்வாறு மடங்கியுள்ளதென்று மாணவன் தொட்டுப் பார்க்கட்டும். பின்னர்த் தனக்கு எப்பகுதி பிடித்ததோ அதனை எழுதட்டும். படத்தின் அடியிலே தன் பெயரோடு, அப்பெட்டியை இழைத்தவர் பெயரையும் கேட்டறிந்து எழுதுமாறு பணிப்போமாக. அப்பெயரைக் கேட்கச் செல்லும் சிறுவன் இழைத்தவருடைய வாயிலை மிதிப்பான். அவருடைய கையையும் காண்பான். நன்றியறிதல் என்பதனை வேறு பாடமாக அவனுக்கு நாம் நடத்தவேண்டுவதில்லை.