படத்தின் கீழே ஒரு வரி

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அது ஸ்ரீபுரந்தான் நடராசர்தான் என்று காட்டிய சான்றுகளில் முக்கியமானது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-ல் எடுத்து வைத்திருந்த புகைப்படம். நடராசர் படங்கள் ஆயிரம் உண்டு. எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தது யார் என்ற பதிவு கூடவே இருந்ததால்தான் இந்த ஒரு படம் சாட்சியானது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், ஆய்வு நிறுவனங்களின் படங்களை எடுத்தாண்டுவிட்டு ‘நன்றி: இணையம்’ என்று போடும் வழக்கத்தை எடைபோட வேண்டும். நன்றி சொல்வதைப் பலரும் மரியாதை சார்ந்த விஷயமாகவே பார்க்கிறார்கள். விட்டுப்போனால் யாரோ ஒருவர் மனம் வருந்துவார், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய இழப்பு வாசகருக்கு. படத்தின் மீது ஐயம் வந்தால் அவர் எங்கே போய்ச் சரிபார்ப்பார்? ஊர்ப்பெயரை ஒருவர் தவறாக எழுதினால், அடுத்தடுத்து எடுப்பவர்கள் வழியாக அந்தத் தவறே வரலாறாகிவிடும். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு தந்தவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். அது நன்றி மட்டுமன்று, பின்னால் வரும் ஆய்வாளருக்கான ஆதாரமும்கூட. ஆகவே நிறுவனத்தின் பெயரோடு ஆண்டும், இருந்தால் பதிவெண்ணும் வேண்டும். படத்தை வெட்டியிருந்தாலோ வண்ணம் ஏற்றியிருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். இல்லையேல் நாம் செய்த மாற்றத்துக்கு அவர்கள் பெயர் பொறுப்பேற்க நேரும்.

ஒரு மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. சாமி எங்கள் ஊருடையது, கேமராவோடு வந்து போனவர்களின் பெயரை நாங்கள் ஏன் போட வேண்டும் என்று ஊரார் கேட்கலாம். கோயிலைத் திறந்துவிட்ட குருக்கள், வழிகாட்டிய ஊர்க்காரர் போன்றோரின் பெயர்கள் ஆய்வேடுகளில் விடுபட்டதுண்டு என்பதால் அந்தக் கேள்வியில் நியாயமான வருத்தம் இருக்கிறது. ஆனால் படம் எடுத்தவரைக் குறிப்பிடுவது சிலையை அவருக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதாகாது. விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதே பரிகாரம். இருக்கும் பெயரையும் அழிப்பதால் யாருக்கும் நீதி கிடைக்காது. பணம் கட்டி அனுமதி வாங்கியபின் பெயர் எதற்கு என்பார்கள் சிலர். பெயர் போட்டால் அனுமதியே வேண்டாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தனித்தனிக் கடமைகள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைத்தவர் தம் பெயரைக் கோரலாம் என்கிறது.

நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. எப்படிக் குறிப்பிட வேண்டும் என்ற வரியை ஒவ்வொரு படத்தோடும் அவர்களே தமிழில் எழுதித் தந்துவிட்டால், தல வரலாறு அச்சிடும் சிறிய கோயில் குழுகூட அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியும்.