பழைய நூலும் புதிய தறியும்

‘கம்பைலர்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கம்ப்யூட்டர் பாடம் இல்லை. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே ரொம்ப நாளாக இருக்கும் ஒரு வழக்கு. அதில் கம்ப்யூட்டர் புதுசாக ஒரு சாட்சி சொல்கிறது, அவ்வளவுதான்.

முதலில் திருத்தணிப் பக்கம் போய் வரலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் பல ஊர்களுக்கு நெசவுதான் சோறு. அம்மையார்குப்பம் அப்படி ஓர் ஊர். குழியில் கால்விட்டு உட்கார்ந்து, மிதித்து நெய்த தலைமுறைக்குப் பிறகு விசைத்தறி வந்தது. இந்த மாற்றத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கைத்தறியில் நூல் ஓரிடத்தில் இளைத்திருந்தால் நெசவாளியின் கை அதைத் தெரிந்துகொள்ளும். கொஞ்சம் மெதுவாகப் போகும், தாஜா பண்ணி ஓட்டிவிடும். விசைத்தறிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நாடா அடிக்கிற வேகத்தில் இளைத்த நூல் பட்டென்று அறுந்துவிடும். ஆகவே தறியை மட்டும் மாற்றினால் போதாது. நூலின் தரம் மாற வேண்டும், பாவுக்குப் போடும் கஞ்சி மாற வேண்டும், கரண்ட் இழுக்க வேண்டும், ரிப்பேருக்கு ஆள் வேண்டும். ஒன்றைத் தொட்டால் சங்கிலியே அசையும்.

கம்பைலரும் அப்படித்தான். மனிதர்கள் ஓரளவு படிக்கக்கூடிய மொழியில் புரோகிராம் எழுதுகிறார்கள். சிப்புக்கு அது புரியாது. அதற்கு ஒன்றும் பூஜ்யமும்தான் தெரியும். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் புரோகிராம்தான் கம்பைலர். நூலைத் துணியாக்கும் தறி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வேலை செய்யும் மற்ற கருவிகளையும் சேர்த்து ‘டூல்செயின்’ என்பார்கள். கருவிச் சங்கிலி.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் ஜி.சி.சி. என்ற கம்பைலரை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று வெளியிட்டார். லினக்ஸ் உலகம் முழுக்க அதன் மேல் நெய்யப்பட்டதுதான். 2024 மே மாதம் இதன் 14-ம் பதிப்பு வந்தது. அதுவரை ‘ஏதோ தப்பு மாதிரி இருக்கிறதே’ என்று முணுமுணுத்துவிட்டு விட்டுக்கொடுத்த சில பழைய எழுத்து முறைகளை, இந்தப் பதிப்பு ‘தப்பு’ என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டது. இருபது, முப்பது வருஷம் ஒழுங்காக ஓடிய பல புரோகிராம்கள் புதிய கம்பைலரில் தேறவில்லை. புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தறிதான் மாறியது. இளைத்த நூல் அறுந்தது.

கம்பைலர்காரர்கள் செய்தது நியாயம்தான். அந்தப் பழைய பழக்கங்களுக்குள் நிஜமான பிழைகள் ஒளிந்திருந்தன. ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார், இறந்தும் போயிருக்கலாம். அதை நம்பி எங்கோ ஓர் ஆஸ்பத்திரியோ ஆராய்ச்சிக்கூடமோ ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு என்ன பதில்?

கேள்வியைக் கூர்மையாகவே கேட்போம். காசு வாங்காமல் கொடுப்பவனுக்கு, தொடர்ந்து கொடுக்கும் கடமை உண்டா?

2025 அக்டோபர் 31-ம் தேதி இது ஒரு பெரிய வீட்டு வாசலில் வந்து நின்றது. டெபியன் என்பது தன்னார்வலர்கள் 1993 முதல் நடத்திவரும் லினக்ஸ் தொகுப்பு. அதில் புரோகிராம்களைக் கொண்டுவந்து நிறுவும் கருவிக்குப் பெயர் ஆப்ட். அதைப் பராமரிப்பவர்களில் ஒருவர் அன்றைக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆப்டின் சில பகுதிகள் இனி ரஸ்ட் என்ற புதிய மொழியில் எழுதப்படும், இது 2026 மே மாதத்துக்கு முன் நடக்காது, எந்த வகைக் கம்ப்யூட்டருக்கு ரஸ்ட் கம்பைலர் இல்லையோ அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் ஏற்பாடு செய்யட்டும், முடியாவிட்டால் அந்தக் கிளையை மூடிவிடட்டும் என்பது சாரம். மாட்டிக்கொண்டவை ஆல்ஃபா போன்ற நாலு பழைய சிப் குடும்பங்கள். பழைய மாக்கின்டாஷிலும் அமிகாவிலும் இருந்த சிப் அதில் ஒன்று.

‘அமிகா இருந்தால் என்ன, செத்தால் என்ன?’ என்று கேட்பீர்கள். சரி, நம்மூருக்கு வருவோம். சென்னையில் இருக்கும் சி-டாக் அமைப்பு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இதே டெபியன் மேல் கட்டப்பட்டதுதான். 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அம்மையார்குப்பம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு நெசவாளி வீட்டுப் பெண்ணின் மடியில் உட்கார்ந்த மெஷினுக்குள், முகம் தெரியாத தன்னார்வலர்கள் ராத்திரியில் கண்விழித்து எழுதியது ஓடியிருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. அவளுக்கும் அவர்களைத் தெரியாது.

ஆப்ட் விவகாரத்தில் அந்த வகை லேப்டாப்புக்கு ஆபத்தில்லை. அந்தச் சிப்புகளுக்கு ரஸ்ட் உண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32-பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவும் வசதியை எடுத்துவிட்டது. செகண்ட் ஹாண்டில் வாங்கி, லினக்ஸ் போட்டு உயிர்கொடுத்து வைத்திருக்கும் மெஷின்களுக்கு இது நெருங்கிவரும் காலடிச் சத்தம். இன்றைக்கு அமிகா, நாளைக்கு மூலைக்கடை பிரவுசிங் சென்டர்.

கொடுப்பவர் பக்கத்தையும் கேட்க வேண்டும். ரஸ்ட் ஃபேஷனுக்காக வந்ததல்ல. தன் சாஃப்ட்வேரில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் மெமரியைத் தப்பாகக் கையாள்வதால் வருகிறது என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. குரோம் பிரவுசரின் பெரிய ஓட்டைகளைப் பற்றி கூகிளும் 2020-ல் ஏறக்குறைய அதே கணக்கைச் சொன்னது. ரஸ்ட் கம்பைலர் அந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நாலு பழைய மெஷினுக்காகக் கோடிக்கணக்கான மெஷின்களின் கதவைத் திறந்து வைக்கலாமா? லினக்ஸே 1991-ல் 386 சிப்பில் பிறந்தது; 2012 டிசம்பரில் அந்த 386-க்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள். தொட்டிலையே தூக்கிப் போட்டாயிற்று. குழந்தை வளர வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்கிறோம். வாங்குகிறவனுக்குச் சொன்ன புத்தி அது. கொடுத்தவன் பிறகு வந்து, ‘இனி இந்த மாடு புதுத் தீவனம்தான் தின்னும், அது உன் ஊரில் கிடைக்காது’ என்றால்? மாட்டை நம்பி அவன் வண்டி வாங்கிவிட்டானே! கொடுத்தது இலவசம்தான். அதை நம்பி அவன் போட்ட முதல் இலவசமில்லை.

அப்படியானால் வாங்கியவன் கேட்கக் கேட்க, கொடுப்பவன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? அதன் முடிவை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன சுருக்கும் கருவி. உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் அது இருக்கிறது. பராமரித்தது பல வருஷமாகச் சம்பளமில்லாத ஒரே ஒருவர். அவர் களைத்துப்போயிருந்தார். ‘ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு’ என்று முகம் தெரியாதவர்கள் அவரை நச்சரித்தார்கள். உதவிக்கு வந்த ‘நல்லவர்’ ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் பாடுபட்டு நம்பிக்கையைச் சம்பாதித்து, சோர்ஸிலிருந்து புரோகிராமாகக் கட்டுகிற அந்தக் கட்டத்தில் ஒரு கள்ளச் சாவியை ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர், லாகின் ஆக அரை செகண்ட் அதிகம் பிடிக்கிறதே என்று நோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. நச்சரித்தவர்களும் அந்தச் சதியில் சேர்த்தி என்றுதான் பலமான சந்தேகம். கொடுப்பவனின் குற்ற உணர்ச்சியே திருடனுக்கு ஏணியாகிவிட்டது.

ஆக இரண்டு எல்லையும் சரியில்லை. ‘இலவசம்தானே, இஷ்டமிருந்தால் எடு’ என்பதும் சரியில்லை. ‘கொடுக்க ஆரம்பித்தாயே, சாகும்வரை கொடு’ என்பதும் சரியில்லை. எனக்குத் தோன்றுவது இது: தொடர்ந்து கொடுக்கும் கடமை அவனுக்குக் கிடையாது. ஆனால் ஒழுங்காக நிறுத்தும் கடமை உண்டு. கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவர் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது.

ஒழுங்கு என்றால் என்ன? முதலில், முன்கூட்டிச் சொல்வது; அதுவும் பாதிக்கப்படுகிறவன் காதில் விழும்படி. பைதான் உலகத்தில் ‘கிரிப்டோகிராஃபி’ என்று ஒரு தொகுப்பு. 2021 பிப்ரவரியில் அதைக் கட்டுவதற்கு ரஸ்ட் வேண்டும் என்றானது. முன்பே அறிவித்துத்தான் இருந்தார்கள். ஆனால் வேலை நின்றுபோன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. அப்புறம் பெரிய கூச்சல். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு ‘ஊருக்குச் சொல்லியாயிற்று’ என்பது போலத்தான். அடுத்தது, காரணத்தை மறைக்காமல் சொல்வது. அப்புறம், பழைய கதவைப் பூட்டாமல் போவது. திறந்த மென்பொருளில் இதற்குத் தனி வசதி உண்டு: பழைய பதிப்பின் சோர்ஸ் அங்கேயே கிடக்கும். வேண்டுமென்பவர் எடுத்து ஓட்டிக்கொள்ளலாம். 2025 ஜனவரி முதல் பழைய ஆண்ட்ராய்டு கிட்கேட் போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனதே, அங்கே இந்தக் கதவு கிடையாது. வேறு போன் வாங்கு என்பது ஒன்றுதான் வழி.

பொறுமையாகச் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. லினக்ஸின் கருப்பகுதி, 1989-ம் வருஷத்து சி மொழி இலக்கணத்தை 2022 வரை கைவிடவில்லை. முப்பத்து மூன்று வருஷம்! அதற்குக் குறைந்தபட்சம் எந்த கம்பைலர் வேண்டும் என்பதையும் எழுதிவைத்து, படிப்படியாகத்தான் உயர்த்துகிறார்கள்.

வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டு. திட்டுவதற்கு முன் ஒரு கை கொடுக்கலாம். பணமாக, உழைப்பாக, குறைந்தபட்சம் ஒரு நன்றியாக. மாட்டு வண்டியில் சம்பாதித்தவன் தீவனத்தில் ஒரு கட்டு போடக் கூடாதா? இதில் பெரிய கம்பெனிகளுக்கும் அரசாங்கத்துக்கும்தான் கடன் அதிகம். அவர்களுடைய மாளிகைகளே இந்த இலவச நூலில்தான் நெய்யப்பட்டிருக்கின்றன.

நெசவில் அரசாங்கம் ஒரு வேலி போட்டுப் பார்த்தது. 1985-ல் வந்த சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் செல்லும் என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தொடக்கத்தில் 22 வகை. இப்போது பட்டியலில் இருப்பது 11. வேலி போட்டும் கைத்தறி இளைத்துத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு ஒப்புதல் இருக்கிறது: வேகமான தறி வந்துவிட்டது என்பதற்காக, மெதுவான தறியில் உட்கார்ந்திருப்பவன் கணக்கிலேயே இல்லாமல் போய்விட மாட்டான்.

சாஃப்ட்வேரில் அப்படி ஒரு சட்டம் வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். சம்பளமில்லாமல் உழைப்பவன் தலையில் சட்டத்தையும் கட்டினால் அவன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். மிச்சம் இருப்பது மனசாட்சி மட்டும். புதிய கம்பைலருக்கு மாறும் கட்டளையைத் தட்டும் முன், இந்தத் தறியில் அறுந்துபோகும் நூல் எந்த வீட்டு நூல் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். யோசித்த பிறகும் மாற்றத்தான் வேண்டியிருக்கும், பெரும்பாலும். மாற்றுங்கள். சொல்லிவிட்டு மாற்றுங்கள்.