கவ்வாத்துக்கு முன்

பெப்ரவரி. டிக்கோயாப் பக்கம்.

காற்று இன்னும் எழவில்லை. லயத்துப் புகை நேராக மேலே போகிறது.

நுவரெலியாப் பள்ளங்களில் இரவு பனி உறைந்திருக்கிறது என்கிறார்கள். வெயில் ஏறியதும் அங்கே கொழுந்து கருகும். இங்கே புல் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படங்கு இடுப்பில் இறுகுகிறது. கூடைக் கயிறு தலையில் ஏறுகிறது. நிரை பிரிகிறது.

பேச்சில்லை.

இந்த மலையைக் கவ்வாத்து வெட்டி ஐந்து வருஷமாகிறது. வெட்டியபோது முழங்காலுக்குச் சற்று மேலே நின்ற செடி இப்போது மார்பைத் தொடுகிறது. கையை உயர்த்தியே எடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் தோள் கடுக்கிறது.

இரண்டு இலை, ஒரு மொட்டு. ஒடிகிற சிறு ஓசை.

பிறகு அடுத்தது.

பல நுனிகளில் மொட்டு உறங்குகிறது. ஓர் இலை விரிந்து அதோடு நின்றுவிட்டது. பழைய கிளைகளில் பாசி.

பகலில் வெயில். இரவில் குளிர். வறண்ட காற்று. கொழுந்து மெதுவாக வளர்கிறது, அந்த மெதுவில் வாசனை கூடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கத்துத் திம்புள்ளைத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு.

கூடை நிறைய நேரமாகிறது.

மழைக்காலத்தில் ஏழாம் நாள் திரும்பி வரும் நிரைக்கு இப்போது பத்து நாளுக்கு மேல்.

கொழுந்து நிறுக்கும் மடுவம். தராசு. ஒரு குரல் எண்ணை வாசிக்கிறது. கூடைக்கும் ஈரத்துக்கும் கழிவு.

இரவு முழுக்கத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுகிறது. நாலரைக் கிலோ பச்சை, ஏறக்குறைய ஒரு கிலோ தூளாகும். காற்றோட்டும் விசிறியின் ஓசை லயம்வரை கேட்கிறது.

மண்ணுக்குள் வேர்.

வேரில் மாவுச்சத்து. வெட்டியபின் இலை இருக்காது, செடி இதைத் தின்றுதான் துளிர்க்க வேண்டும். சிறு வேர் ஒன்றை நறுக்கி அயடின் தடவுகிறார்கள். கருநீலம் ஏறினால் வெட்டலாம். வெளிறியே கிடந்தால் வெட்டக்கூடாது. வறட்சியில் அவசரப்பட்டு வெட்டிய மலைகளில் தூர்கள் பட்டுப்போகின்றன.

மழை வரட்டும்.

சில தோட்டங்களில் தூருக்கு ஒன்றிரண்டு கிளையை வெட்டாமல் விடுகிறார்கள். செடி அதன் வழியே மூச்சு விடுகிறது.

வெட்டுக்கு முன் சில வாரம் கொழுந்து எடுப்பதில்லை. மலைக்கு ஓய்வு.

பெண்கள் அடுத்த மலைக்குப் போகிறார்கள்.

அங்கும் வெயில். அங்கும் உறங்கும் மொட்டு.

கவ்வாத்துக் கத்தியை யாரோ தீட்டுகிறார்கள். கல்லில் இரும்பு உரசி நிற்கிறது, மறுபடி உரசுகிறது. வெட்டி விழும் கிளை, மிலாறு, அடுப்புக்குப் போகும். இலை மண்ணுக்கு. இந்த மலையில் மறுபடி கொழுந்தெடுக்கச் சில மாதமாகும்.

கை விரல்களில் கறை. கழுவியும் போகவில்லை.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அதற்குப் பிறகும், நிறை குறைந்த நாளுக்கு அரைப் பேர் போட்டுப் பாதிச் சம்பளம் கொடுத்த தோட்டங்கள் உண்டு.