சிறுதொழிலில் ஆள் சேர்ப்பும் சாதியும்: ஓர் அறக்கேள்வி

சிறு கடையிலோ பட்டறையிலோ ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது அவருடைய சாதியைப் பார்ப்பது அறமாகுமா என்ற கேள்விக்கு, ஆகாது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அப்படிப் பார்க்கிற முதலாளிகளில் பெரும்பாலோர் தாம் எவரையும் ஒதுக்குவதாக நினைப்பதில்லை. தெரிந்த ஆளை வைத்துக்கொள்கிறோம், அதில் என்ன தப்பு என்றுதான் கேட்பார்கள். சொந்தபந்தத்தை ஆதரிப்பது தமிழ் அறநூல்கள் புகழும் பண்பு. அதே பண்பு இன்னொருவன் பிழைப்பை அடைக்கும்போது என்னவாகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மேலைநாடுகளில் இன ஒதுக்கல் செய்கிற வேலையைத் தமிழ்நாட்டில் சாதி செய்கிறது. இன ஒதுக்கலுக்கு எதிரான 1965ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, பிறப்பு வழியின் பெயரால் காட்டப்படும் பாகுபாட்டையும் தடுக்கிறது. சாதியும் அதற்குள் அடங்கும் என்று அதைக் கண்காணிக்கும் குழு 2002இல் சொன்னது. சாதி வேறு, இனம் வேறு என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. வேலை கேட்டு வாசலில் நிற்பவனுக்கு இந்த நுட்பத்தால் ஒரு பயனும் இல்லை.

பெரிய நிறுவனங்களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயரிலும், தலித் பெயரிலும், முஸ்லிம் பெயரிலும் அனுப்பி, எதற்கு அழைப்பு வருகிறது என்று ஆய்வாளர்களான சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே இருந்தது. தமிழ்நாட்டுச் சிறு கடையில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே விண்ணப்பமே கிடையாது. பெயரைக் கொண்டும் கண்டுபிடிக்க முடியாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னதிலிருந்து பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் நிற்கிறது. எனவே கேள்வி சுற்றி வளைத்து வரும். எந்த ஊர்ப்பா? ஊர்ல எந்தப் பக்கம்? யார் சொல்லி வந்தே? மூன்றாவது கேள்விக்குள் விவரம் தெரிந்துவிடும். பிறகு முகம் கோணாமல், "ஆள் வேணும்னா சொல்லி அனுப்புறேன்" என்பார்கள். சொல்லி அனுப்புவதில்லை. தலித் குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் தெருவின் பெயரைக் கேட்டே தெரிந்துகொள்கிறவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படுவதில்லை.

முதலாளி தரப்பு நியாயங்கள் இரண்டு. கடை என்னுடையது, காசு என்னுடையது என்பது ஒன்று. கல்லாவிலும் சரக்கிலும் கை வைக்கப்போகிறவன் நம்பிக்கையானவனாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது உரிமை பற்றியது. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்குத்தான் அறநூலின் ஆதரவு இருப்பதுபோல் தெரிகிறது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந்தழால். மூன்றும் அரசனுக்குச் சொன்னவை. ஆனாலும் ஆள் வைத்து வேலை வாங்கும் எவருக்கும் பொருந்தும். சுற்றம் இல்லாதவரை நம்ப வேண்டாம், அவர்கள் பழிக்கு நாணமாட்டார்கள் என்று 51ஆம் அதிகாரத்தில் ஒரு குறள் எச்சரிக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் வேண்டும் என்று சொல்லும் கடைக்காரர் அறிந்தோ அறியாமலோ இந்தக் குறளின் மேல் நிற்கிறார். அதற்கு அடுத்த குறளோ, அன்பை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டு அறிய வேண்டியதை அறியாதவரைத் தேர்ந்தால் பேதைமையே மிஞ்சும் என்கிறது. வேலையை ஒப்படைப்பது பற்றிய 52ஆம் அதிகாரம் கேட்பது செயலை முடிக்கும் திறனையும், அன்பு, அறிவு, தெளிவு, ஆசையின்மை ஆகியவற்றையும்தான். சுற்றத்துக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவர் அங்கே கொடையையும் இன்சொல்லையும் முன்னிறுத்துகிறார். தன் பொருளை உறவுக்குக் கொடுப்பது தயவு. வேலைக்கு ஆள் தேர்வது தீர்ப்பு. தயவு காட்ட வேண்டிய இடத்தையும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தையும் அவர் கலக்கவில்லை; கடை முதலாளிகள் கலக்கிவிடுகிறார்கள்.

நம்பிக்கை என்ற வாதத்தை வேறொரு நடைமுறையும் பொய்யாக்குகிறது. இன்று தமிழ்நாட்டு உணவகங்களிலும் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது, சொன்னாலும் இங்கே விளங்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவரை ஆதார் அட்டையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறவர், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவிலிருந்து வருபவரை நம்ப முடியாது என்றால், பிரச்சினை அவரைத் தெரியாதது அல்ல. தெரிந்திருப்பதுதான்.

கைத்தொழிலில் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாக இறங்குகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூர், மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் சாமி சிலைகளும் கோயில் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் இங்கே உருவாகின்றன. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தச்சு, கம்மாளரின் ஐந்தொழில்களில் ஒன்று. சிலையின் தாள அளவும் உளிப் பழக்கமும் நெடுங்காலம் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்தவை. இந்தத் தொழிலைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. கற்க வருபவன் முதலில் உப்புத்தாள் தேய்ப்பான், உளி தீட்டுவான், வேண்டாத மரத்தைக் கொத்திக் கழிப்பான். முகத்திலும் விரலிலும் உளி வைக்க ஆண்டுகள் ஆகும். ஆகவே இத்தகைய தொழிலில் வேலைக்குச் சேர்ப்பதும் கல்வி கொடுப்பதும் ஒன்றுதான். பதினைந்து வயதில் பட்டறைக்குள் விடாமல் இருந்துவிட்டு, இருபத்தைந்து வயதில் "உனக்கு வேலை தெரியாது" என்று சொன்னால், சொல்வது உண்மையாக இருக்கும், நியாயமாக இருக்காது. சிறுதொழிலில் தகுதி பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது.

இந்த வட்டத்துக்குச் சமயம் அரணாக இருந்திருக்கிறது. பிறர் தொழிலை நன்றாகச் செய்வதைவிடத் தன் தொழிலைக் குறையோடு செய்வதே மேல் என்ற கீதையின் கருத்தைப் பிறப்புவழித் தொழிலுக்குச் சான்றாகக் காட்டியவர்கள் பலர். பக்தி இயக்கம் வேறு வழியில் போனது. நாயன்மார் வரிசையில் குயவரான திருநீலகண்டரும், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும், மீன்பிடித்த அதிபத்தரும் இருக்கிறார்கள். எந்தத் தொழிலும் இறைவனுக்கு இழிவில்லை என்ற அந்தத் துணிச்சல் பெரியது. ஆனால் குயவர் குயவராகவும் பரதவர் பரதவராகவுமே முக்தி அடைந்தார்கள். தொழிலுக்கு மரியாதை கிடைத்தது, தொழிலை மாற்றிக்கொள்ள வழி கிடைக்கவில்லை. 1936இல் அம்பேத்கர் வைத்த வாதம் இந்த இடைவெளியைத்தான் தொட்டது: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையும் பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்றார்.

தமிழ்நாட்டு அரசியலில் இது அடங்கிப்போன விவாதம் அல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. கைவினைஞர்களுக்குக் கடன் தர 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், விண்ணப்பிப்பவரின் குடும்பம் பரம்பரையாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது என்று சொல்லி மாநில அரசு அதை ஏற்க மறுத்தது. 2025இல் சாதி பாராத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. கடன் கிடைக்கும் வழி இதனால் அகலலாம். பட்டறைக்குள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் மனத்தை எந்தத் திட்டமும் தர முடியாது.

சமையல்கட்டின் கதை தனி. அங்கே திறமை பற்றிப் பேச்சே எழுவதில்லை, தீட்டுதான். 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள், கண்டனம் கிளம்பிய பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அது அரசு வேலை. நியமன ஆணை இருந்தது, எனவே மறுப்பு வெளியே தெரிந்தது. தனியார் உணவகத்தில் அப்படிப்பட்டவர் அடுப்படி வரை வருவதே இல்லை. சண்டையும் இல்லை, செய்தியும் இல்லை.

சட்டம் எவ்வளவு தூரம் எட்டுகிறது? அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தில் வேலை பற்றிய பகுதி, பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. சிறு முதலாளியின் நெருக்கமான உலகத்தைச் சட்டம் தொட வேண்டாம் என்ற தயக்கம் அதில் தெரிகிறது. இந்திய அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலையை மட்டும் பேசுகிறது. கடைக்குள் நுழையும் உரிமையை 15ஆம் பிரிவு தருகிறது, கடையில் வேலை பெறும் உரிமையை அல்ல. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 இதைவிட ஒரு படி முன்னே போகிறது. தீண்டாமையின் பெயரால் எந்த வேலைக்கும் தடை போடுவதை அதன் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற வரம்பு கிடையாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது எதிரியின் பொறுப்பு என்கிறது 12ஆம் பிரிவு. ஆனால் "சொல்லி அனுப்புறேன்" என்ற வார்த்தையை வைத்து எவரும் வழக்குத் தொடுக்க முடியாது. தொடுத்து வென்றாலும் தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அத்துடன் நூறு ரூபாய்க்குக் குறையாமல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். அபராதத் தொகை 1976இல் வைத்தது.